ஸ்ரீதர் படங்கள்: காதலிக்க நேரமில்லைக்கு அப்புறம் எதைப் பார்ப்பது?

படிக்கட்டு

பாட்டிக்குக் காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். பொழுது போகவில்லை, ஏதாவது பழைய படம் போடு என்றார். எனக்குத் தெரிந்த பழைய படம் காதலிக்க நேரமில்லை ஒன்றுதான். அதிலும் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் துண்டாகப் பார்த்ததோடு சரி. முழுப் படத்தையும் போட்டோம். பாட்டிக்குத் துணையாகத்தான் உட்கார்ந்தேன். இடைவேளைக்குள் பாட்டி தூங்கிவிட்டார், நான் எழுந்திருக்கவில்லை.

1964இல் வந்த படம் என்று நம்ப முடியவில்லை. யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியவில்லை. யாரும் மேடையேறியது போல வசனம் பேசவில்லை. இயக்குநர் ஸ்ரீதர் என்று பார்த்து அவருடைய பட்டியலைத் தேடினால் 1959இல் தொடங்கி 1991 வரை போகிறது. எல்லாமே இப்படித்தான் இருக்குமா? பாட்டியைக் கேட்டால், “ஸ்ரீதரா? அவர் அழவைக்கிறவர் ஆச்சே” என்கிறார். எங்கே தொடங்கலாம், சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: வீட்டில் இருக்கும் நிலையில் ஆஸ்பத்திரி வரும் படம் வேண்டாம்.

கடைசி வரிசை

கடற்கரைக்கு வழி கேட்டுவிட்டு மணல் மட்டும் காலில் ஒட்டக் கூடாது என்கிறீர்கள். ஸ்ரீதர், ஆனால் ஆஸ்பத்திரி வேண்டாமா?

பழைய ரீல்

பாட்டி சொன்னதுதான் சரி தம்பி. காதலிக்க நேரமில்லை வந்தபோது தியேட்டரில் இருந்தவர்களுக்கு அதுதான் ஆச்சரியம். அதுவரை ஸ்ரீதர் என்றால் கைக்குட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டிய பெயர்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். மதுராந்தகம் பக்கம் சித்தாமூரில் 1933இல் பிறந்தவர், செங்கல்பட்டில் படித்தவர். காதலிக்க நேரமில்லையை அவரோடு சேர்ந்து எழுதிய கோபு அந்தப் பள்ளிக்கூட நாள் நண்பர். ஸ்ரீதர் முதலில் வசனகர்த்தா. ரத்த பாசம் என்ற அவருடைய நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினார்கள். 1954இல் சிவாஜியும் பத்மினியும் நடித்த எதிர்பாராதது அவர் எழுதியது. காதலன் இறந்துவிட்டான் என்று நம்பிய பெண், விதிவசத்தால் அவனுடைய அப்பாவுக்கே மனைவியாகிவிடுகிறாள். காதலன் திரும்பி வருகிறான். இந்தக் கதையை எழுதியவருக்கு அப்போது 21 வயது! பிறகு அமர தீபம், உத்தம புத்திரன் என்று எழுதிவிட்டு, 1959இல் கல்யாண பரிசு மூலம் இயக்குநரானார். அப்போதும் 26 முடியவில்லை.

அதனால் கல்யாண பரிசில் தொடங்குங்கள். ஆஸ்பத்திரி அதிகம் கிடையாது. தங்கையைப் படிக்கவைக்கும் அக்கா விஜயகுமாரி, தங்கை சரோஜாதேவி, அந்த வீட்டுக்குக் குடிவரும் ஜெமினி கணேசன். தங்கையும் அவரும் காதலிக்கிறார்கள், அக்காவுக்கும் அவர்மேல் ஆசை வருகிறது. தங்கை விட்டுக்கொடுக்கிறாள். மீதியைச் சொன்னால் படம் பார்க்கிற சுகம் போய்விடும். தலைப்பில் இருக்கும் ‘பரிசு’ என்ன என்பது கடைசிக் காட்சியில்தான் தெரியும்.

சுசீலா பக்தன்

கல்யாண பரிசுக்கு இசை ஏ.எம். ராஜா என்பதைச் சொல்லாமல் விட்டால் எப்படி சார்? தமிழில் அவர் இசையமைத்த முதல் படமே அதுதான். பாட்டெல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ பாட்டில் இரண்டு பேரும் சைக்கிளில் போவார்கள். அதற்கு முன்னால் காதல் டூயட் என்றால் பூங்கா, நிலா, மரத்தைச் சுற்றுவது. இது காலேஜ் போகிற வழியில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற காட்சி. ‘உன்னைக் கண்டு நான் ஆட’ இரண்டு முறை வரும். ஒன்று சுசீலாவின் குரலில் தீபாவளி மாதிரி, இன்னொன்று ராஜாவின் குரலில் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு. மெட்டு ஒன்றுதான். முதலில் கேட்டதை நினைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்பதால்தான் அது அப்படி அறுக்கிறது.

படம் ஏப்ரலில் வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டை போய்விட்டார். 29 வயது.

நிழல்வெளி

நான் வேறு வரிசை சொல்வேன். கல்யாண பரிசு நல்ல கதை, ஆனால் ஒளிப்பதிவில் ஸ்ரீதர் யார் என்று தெரிய வேண்டுமானால் 1962க்கு வர வேண்டும். மன்னிக்கவும் படிக்கட்டு, ஆஸ்பத்திரியைத் தவிர்க்க முடியாது.

நெஞ்சில் ஓர் ஆலயம். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே ஆஸ்பத்திரி செட். கலை இயக்கம் கங்கா, கேமரா ஏ. வின்சென்ட். ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம். வசூலுக்கு உத்தரவாதம் தரும் பெரிய நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார். புற்றுநோயோடு வரும் கணவன், கூட வரும் மனைவி, மருத்துவம் பார்க்கப்போகும் டாக்டரோ அவளுடைய பழைய காதலன்.

இதை நாடகமாக எடுத்திருந்தால் மூன்று பேரும் நின்றுகொண்டு பேசித் தீர்த்திருப்பார்கள். இங்கே அறையின் சுவர்தான் பேசுகிறது. கதவு, ஜன்னல், தாழ்வாரம், கட்டில், இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. அதனால் ஒவ்வொன்றையும் எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்திருக்கிறார்கள். ‘சொன்னது நீதானா’ பாட்டில் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வரும். வித்தை காட்டுவதற்காக வைத்த ஷாட் என்றால் ஒருமுறை கைதட்டிவிட்டு மறந்துபோவோம். கணவன் படுத்திருக்கும் கட்டில்தான் இப்போது அவளுடைய உலகத்தின் நடு. அதைச் சுற்றியும் அடியிலும் கேமரா அலைகிறது. அவளுக்கு அந்த அறையை விட்டுப் போக இடமில்லை.

என் கட்சி இதுதான்: கையைக் கட்டிப்போட்டால் ஸ்ரீதர் பெரிய இயக்குநர். கட்டை அவிழ்த்துவிட்டால் நல்ல இயக்குநர், அவ்வளவுதான்.

கடைசி வரிசை

நாகேஷ் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தானே? வார்டு பாயாக வந்து பிய்த்து உதறுவார். ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டும் இதுதான்.

சுசீலா பக்தன்

ஒரே மூச்சில் இரண்டு தப்பு. நாகேஷ் 1959இலேயே தாமரைக்குளத்தில் வந்துவிட்டார். நெஞ்சில் ஓர் ஆலயத்தில் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பாடியவர் ஏ.எல். ராகவன். உற்சாகப் பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலைச் சோகத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடியது ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’.

தேன் நிலவோடு ஏ.எம். ராஜாவும் ஸ்ரீதரும் பிரிந்துவிட்டார்கள். அடுத்து விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கண்ணதாசன் கூட்டணி. 1962இல் மட்டும் நெஞ்சில் ஓர் ஆலயம், சுமைதாங்கி, போலீஸ்காரன் மகள் என்று மூன்று படம். ‘மயக்கமா கலக்கமா’ சுமைதாங்கிப் பாட்டு. ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தபோது அதைக் கேட்டுத்தான் சென்னையிலேயே தங்கினேன் என்று வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு படத்துக்கு இதைவிட வேறென்ன விருது வேண்டும்?

அல்லி

எல்லோரும் கேமராவையும் பாட்டையும் புகழ்கிறீர்கள். சரி, நானும் ரசித்தவள்தான். ஆனால் கதையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாமா?

கல்யாண பரிசில் ஒருத்தி காதலனை அக்காவுக்குத் தருகிறாள். நெஞ்சில் ஓர் ஆலயத்தில் கணவன், தான் இறந்தால் டாக்டரைத் திருமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். சுமைதாங்கியில் நாயகன் குடும்பத்துக்காக எல்லாவற்றையும் இழந்து கடைசியில் பாதிரியாராகிறான். எல்லாக் கதையிலும் யாரோ ஒருவர் யாரையோ யாருக்கோ கொடுக்கிறார். ஆள் என்ன பித்தளைப் பாத்திரமா? இதில் தியாகம் என்கிற பெயரில் எல்லோருக்கும் கண்ணீர் வருகிறது. சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வெண்ணிற ஆடை இன்னும் மோசம். கணவனை இழந்த அதிர்ச்சியில் மனம் குழம்பிய பெண். குணமாக்க வந்த டாக்டரைக் காதலிக்கிறாள். அவருக்கு வேறொரு பெண் இருக்கிறாள். கடைசியில் இவள் வெள்ளை உடுத்துகிறாள். ஒரு பெண்ணின் பைத்தியம் தெளிந்ததற்கு அடையாளம் விதவைக் கோலமா?

பழைய ரீல்

அல்லி அம்மா, வெண்ணிற ஆடை முடிவைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். அன்றைக்கே அது பலருக்கு உறுத்தியது. ஆனால் அந்தப் படத்தின் வேறொரு பக்கமும் இருக்கிறது. முக்கிய வேடங்களில் எல்லாமே புது முகம். ஜெயலலிதா, ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி. கடைசி இருவருக்கும் படத்தின் பெயரே கடைசி வரைக்கும் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. இந்தப் படத்துக்குப் பார்த்து வேண்டாம் என்று விடப்பட்ட பெண் ஹேமமாலினி. படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். கதாநாயகிக்கு 17 வயது, சட்டப்படி தன் படத்தைத் தானே தியேட்டரில் பார்க்க முடியாது.

அந்த ஆண்டுகளில் சிவாஜி, எம்.ஜி.ஆர். இல்லாமல் வண்ணத்தில் படம் எடுப்பது விளையாட்டல்ல. வெண்ணிற ஆடைக்கு முந்தின ஆண்டு காதலிக்க நேரமில்லையிலும் ரவிச்சந்திரன், காஞ்சனா இருவருமே புதுசு. ‘ஸ்ரீதர் படம்’ என்ற பெயருக்காகவே டிக்கெட் வாங்கினார்கள். இயக்குநரின் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போவது என்பது இங்கே அவரால்தான் பெரிய அளவில் பழக்கமானது என்பேன்.

நிழல்வெளி

அல்லி, ‘ஒரு வார்த்தை கேட்பதில்லை’ என்றீர்களே. ‘சொன்னது நீதானா’ என்ன பாட்டு? கணவன் மறுமணம் பற்றிப் பேசியதும் அவள் திருப்பிக் கேட்கும் கேள்விதான் அது. படத்தின் மிகச் சிறந்த நான்கு நிமிடத்தை ஸ்ரீதர் யாருக்குக் கொடுத்திருக்கிறார்? தியாகம் செய்ய நினைக்கிற கணவனுக்கல்ல. ‘என்னைக் கேட்காமல் எப்படி நீ சொல்லலாம்’ என்கிற பெண்ணுக்கு. சிதார் அழுகிறது, சுசீலா அழவில்லை. கேட்டுப் பாருங்கள், அந்தக் குரலில் கோபம் இருக்கிறது.

அல்லி

நல்ல பதில். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் படம் பதில் சொல்லாமல் தப்பிவிடுகிறதே? கணவன் பிழைத்துவிடுகிறான், டாக்டர் இறந்துவிடுகிறார். பிழைத்த கணவனும் பழைய காதலனும் ஒரே ஊரில் உயிரோடு இருந்து, அவள் தினமும் காய்கறி வாங்கப் போகும் வழியில் ஆஸ்பத்திரி இருந்தால் என்ன ஆகும்? அந்தப் படத்தை ஸ்ரீதர் எடுக்கவில்லை. யாராவது ஒருவர் செத்து மற்ற இருவருக்கும் இடம்விடுவது அவருடைய வசதியான வாசல். கல்யாண பரிசிலும் அக்கா இறக்கிறாள்.

கடைசி வரிசை

கதையை முடிக்கச் சொன்னால் ஆளை முடித்துவிடுகிறார் என்கிறீர்கள்.

அல்லி

அதேதான். அதனால்தான் எனக்குக் காதலிக்க நேரமில்லை அவருடைய ஆகச் சிறந்த படம். அங்கே மரணம் என்கிற வாசலை அவரே பூட்டிவிட்டார். முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷம் போட்டு வந்து உட்கார்ந்த பிறகு, யாரையும் கொல்லாமல் கதையை அவிழ்க்க வேண்டும். பொய்யை இன்னொரு பொய்யால்தான் தாங்க முடியும். எழுதுகிறவருக்கு அதுதான் கஷ்டமான வேலை.

பழைய ரீல்

இது எனக்குத் தோன்றாத கோணம். நிழல்வெளி சொன்ன ‘கட்டிப்போட்ட கை’யும் இதுவும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தப் படத்தில் கோபுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீதர் தனியாக எழுதினால் சோகம், கோபு கூட உட்கார்ந்தால் சிரிப்பு என்று பேசிக்கொள்வார்கள். முழுசாக அப்படிப் பிரிக்க முடியாது. கல்யாண பரிசில் தங்கவேலுவின் நகைச்சுவையைப் பாருங்கள், அழுகைப் படத்துக்குள் ஒரு முழு சிரிப்புப் படமே ஓடுகிறது. ஆனாலும் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் தெரிவது இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் சிரிக்கவைக்கப் போட்டிபோட்ட தடயம். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் வைத்திருக்கிற ஒருவன் பேய்க் கதை சொல்கிறான், பணம் வைத்திருக்கிற ஒருவர் பயப்படுகிறார். சினிமாக்காரர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்ட காட்சி அது. கதவு கிறீச்சிடும் சத்தத்தைக்கூட நாகேஷ் வாயாலேயே தருகிறார். சிரிப்பு வருவது பாலையாவின் முகத்தைப் பார்த்து. பிறகு ஸ்ரீதரே இதை இந்தியில் பியார் கியே ஜா என்று எடுத்தபோது அந்த இடத்தில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாலையாவின் கண்ணை எங்கே போய் வாங்குவது?

படிக்கட்டு

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நேற்று கல்யாண பரிசு பார்த்தோம். பாட்டி தூங்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாமா உண்டு. வேலைக்குப் போகிறேன் என்று தினமும் கிளம்பிப் போவார், எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி “அவன் மன்னார் அண்ட் கம்பெனியில் பெரிய உத்தியோகம்” என்பார். சின்ன வயதிலிருந்து அப்படி ஒரு கம்பெனி நிஜமாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று தங்கவேலு வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பாட்டி சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு ஆடியது.

கடைசிக் காட்சிக்கு இருவருமே அழுதோம். அல்லி அவர்கள் சொன்னதும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது. குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு ஜெமினி நடந்து போகிறார், கேமரா அவர் பின்னால் போகவே இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மறுபடி பார்த்தால்தான் தெரியும். அழுதுகொண்டே பார்த்தால் கேமரா எங்கே நின்றது என்று யார் கவனிக்கிறார்கள்?

நிழல்வெளி

அதுதான் நல்ல கேமரா.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள், தேன் நிலவு பார்க்கும் எண்ணம் உண்டா? சித்ராலயா என்று சொந்த நிறுவனம் தொடங்கி முதலில் எடுத்த படம், 1961. ஜெமினியையும் வைஜயந்திமாலாவையும் காஷ்மீருக்கே அழைத்துப் போய் எடுத்தது. ஆனால் கறுப்பு வெள்ளை! அவ்வளவு தூரம் போய், ஏரியும் பூவும் பனியும் எல்லாம் சாம்பல் நிறத்தில். கேலியாகத் தொடங்கினேன், ஆனால் வின்சென்ட் அந்தச் சாம்பலிலேயே தண்ணீரின் பளபளப்பை எடுத்திருக்கிறார். ‘நிலவும் மலரும்’ பாட்டில் வண்ணம் இல்லையே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கதை லேசானதுதான். பாட்டுக்காகப் பார்க்கலாம்.

சுசீலா பக்தன்

‘பாட்டு பாடவா’, ‘காலையும் நீயே’, ‘ஓஹோ எந்தன் பேபி’. லேசான கதையாம். நான் இந்தப் பேச்சில் இல்லை.

அதைவிட, யாருமே பேசாத ஒரு படம் சொல்கிறேன். கலைக்கோவில். காதலிக்க நேரமில்லை வந்த அதே 1964இல் வந்தது. முத்துராமன் வீணைக் கலைஞராக வருவார், வாசித்தவர் சிட்டிபாபு. பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் பாடிய ‘தங்கரதம் வந்தது’ இந்தப் படத்தில்தான். படம் படுத்துவிட்டது. அந்த ஆண்டு முழுக்க ஊரைச் சிரிக்கவைத்த மனிதர், அடுத்து ஒரு கலைஞன் எப்படி அழிகிறான் என்று எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். எனக்கு அந்தத் தைரியம் பிடிக்கும்.

பழைய ரீல்

முத்துராமனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நெஞ்சில் ஓர் ஆலயத்தில் சாகக் கிடக்கும் கணவன், காதலிக்க நேரமில்லையில் வேஷக் கிழவர், கலைக்கோவிலில் இசைக் கலைஞர். பிறகு நெஞ்சிருக்கும் வரையிலும் ஊட்டி வரை உறவிலும் சிவந்த மண்ணிலும் சிவாஜிக்குப் பக்கத்தில். தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளாத நடிகர். அவர் நிற்கிற இடத்தில் மற்றவர்களுக்கு வெளிச்சம் கூடும். ஸ்ரீதர் அதை முதலிலேயே கண்டுகொண்டார்.

நெஞ்சிருக்கும் வரை (1967) கட்டாயம் பாருங்கள். சிவாஜி, முத்துராமன், கே.ஆர். விஜயா எல்லோரும் ஒப்பனை இல்லாமல் நடித்த படம். சிவாஜி முகத்தில் பவுடர் இல்லாமல் பார்ப்பதே அன்றைக்கு ஒரு அதிர்ச்சி. பெரிய வெற்றி இல்லை. அதே ஆண்டு தீபாவளிக்கு ஊட்டி வரை உறவு, முழுக்கச் சிரிப்பு, முழு வண்ணம், ஓட்டமோ ஓட்டம். அன்றைக்கே சிவாஜியின் இரு மலர்களும் வெளியானது, அது வேறு கதை. 1969இல் சிவந்த மண்ணுக்காக ஐரோப்பா வரை போனார். அந்தப் படத்தில் எனக்கு நினைவிருப்பது ‘பட்டத்து ராணி’யில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான். ஐரோப்பா எங்கே வந்தது என்று யோசித்தால்தான் வருகிறது.

நிழல்வெளி

என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம், சார். சுவிட்சர்லாந்தைக் கொடுத்தால் நினைவில் நிற்கவில்லை. ஒரு கட்டிலைக் கொடுத்தால் அறுபது வருஷம் பேசுகிறோம்.

அல்லி

கொஞ்சம் பொறுங்கள், இது அழகான சூத்திரமாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகப்படுகிறேன். காதலிக்க நேரமில்லை அறைக்குள் எடுத்த படமா? ஆழியாறு அணைப் பக்கம் வெட்டவெளியில் ஆடிப் பாடுகிறார்கள். மெரினாவில் ‘என்னப் பார்வை’. 1978இல் இளமை ஊஞ்சலாடுகிறது எடுத்தபோது கமல், ரஜினி, இளையராஜா என்று எல்லாமே கையில் இருந்தது, யாரும் கையைக் கட்டவில்லை. 44 வயது இயக்குநர், தன் காலத்து முக்கோணக் காதலை அடுத்த தலைமுறைக்கு மாற்றித் தைத்துப் போட்டார், அளவும் பொருந்தியது. 1982இல் நினைவெல்லாம் நித்யா படம் ஓடவில்லை, ‘பனிவிழும் மலர்வனம்’ இன்னும் ஓடுகிறது. இவையெல்லாம் உங்கள் சூத்திரத்தில் எங்கே?

நிழல்வெளி

இளமை ஊஞ்சலாடுகிறது விஷயத்தில் தோற்றேன். ஆழியாறு விஷயத்தில் தோற்கவில்லை. வெளியில் ஆடினாலும் கதை பாலையாவின் பங்களாவுக்குள்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. ‘விஸ்வநாதன் வேலை வேணும்’ பாட்டே அந்த வீட்டு வாசலில் கொட்டகை போட்டுப் போராடுவதுதான். உள்ளே யார் போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும், இதுதான் மொத்தப் படமும்.

கடைசி வரிசை

வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீங்கள்.

எம்.ஜி.ஆர். ரசிகனாக ஒரு முறையீடு. உரிமைக்குரல் (1974), மீனவ நண்பன் (1977) இரண்டையும் யாரும் வாயே திறக்கவில்லை. அறுபதுகளில் ‘அன்று சிந்திய ரத்தம்’ என்று வாத்தியாரை வைத்து ஆரம்பித்து நின்றுபோனதற்குப் பிராயச்சித்தமாகவே அவற்றை எடுத்தார் என்று நான் நம்புகிறேன். ‘விழியே கதை எழுது’ பாட்டை இந்த இழையில் ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்று வந்தேன். எழுதிவிட்டேன்.

பழைய ரீல்

உரிமைக்குரல் நல்ல வசூல் படம். ஆனால் அது எம்.ஜி.ஆர். படம், ஸ்ரீதர் இயக்கியது. அதற்குமுன் எடுத்தவை ஸ்ரீதர் படம், மற்றவர்கள் நடித்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படிக்கட்டு, இன்னொன்று விட்டுப்போயிற்று. நெஞ்சம் மறப்பதில்லை, 1963. முற்பிறவிக் கதை. வின்சென்ட்தான் கேமரா. முதல் பிறவியில் காதலர்களைப் பிரித்த ஜமீன்தார் நம்பியார், அடுத்த பிறவியில் அவர்கள் வந்து சேரும்போதும் சாகாமல் நூறு வயதைத் தாண்டி அங்கேயே உட்கார்ந்திருப்பார். ராத்திரி நேரத்தில் தனியாகப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து வேஷம்தானே என்று சிரித்துக்கொண்டே தொடங்குவீர்கள், பிறகு விளக்கைப் போடத் தோன்றும்.

அல்லி

அந்த நம்பியாருக்காக ஸ்ரீதரின் எல்லாத் தியாகக் கதைகளையும் மன்னிக்கலாம். சாகவே சாகாத ஒரு பாத்திரம்! இடம்விட மாட்டேன் என்கிற ஆள்!

படிக்கட்டு

கடைசியாக ஒரு தகவல். நெஞ்சில் ஓர் ஆலயம் பார்த்துவிட்டோம். நான் போடவில்லை, பாட்டியேதான் கேட்டார். ஆஸ்பத்திரிப் படம் வேண்டாமே பாட்டி என்றேன். “எனக்கு உடைந்தது கால்தானே, உனக்கு என்ன?” என்றார்.

‘சொன்னது நீதானா’ வந்தபோது கட்டிலுக்கு அடியில் கேமரா போகிறதா என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “கோபமாகத்தான் பாடுகிறாள்” என்றார். இந்த இழையை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, சத்தியமாக. முடிவைப் பற்றிக் கேட்டேன். “டாக்டர் சாகாமல் இருந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும், ஆனா அவள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டாள், வேறு மார்க்கெட்டுக்குப் போவாள்” என்றார். அல்லி அவர்களுக்கு இதைச் சொல்லச் சொல்லிப் பாட்டி சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அடுத்து நெஞ்சம் மறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. பாட்டி கண்டிப்பாகப் பகலில்தான் என்று சொல்லிவிட்டார். மாமாவும் வருகிறாராம், அன்றைக்குக் கம்பெனி விடுமுறையாம்.